ஆளுயரக் கடிகாரத்தை நிற்க வைத்து ஓட விடுவது எப்படி

"தம்பி, கடிகாரம் புதன்கிழமை ஆனா நின்னுடுது. மத்த நாள்ல நல்லாத்தான் ஓடுது. வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு டீச்சரம்மா போனில் சொன்னது இது. பெங்களூரில் இருந்த அண்ணன் காலமான பிறகு அவர் வீட்டிலிருந்து வந்த கடிகாரம். எட்டடிக்கு நாலு விரல் குறைவு. பெட்டி முழுக்கக் கறுப்பு அரக்குப் பூச்சு, அதன் மேல் தங்கப் பொடியில் பாலம், கோபுரம், குடை பிடித்த ஆட்கள், எந்த ஊரிலும் இல்லாத பறவைகள். முகப்புத் தகட்டில் லண்டன் என்று வெட்டியிருக்கிறது.

நான் ஓசூர்க் கைக்கடிகார ஆலையில் 26 வருஷம் அசெம்பிளி லைனில் உட்கார்ந்தவன். இப்போது கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை. கடுகைவிடச் சின்னத் திருகாணியோடு பழகிய கைக்கு, ஆறு கிலோ குண்டு தொங்கும் கடிகாரம் புதுசு. அந்த ஒரு கடிகாரத்திடம்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். சில பாடங்களை அதற்குச் சேதம் பண்ணித்தான் கற்றேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். இப்படியொன்று உங்கள் வீட்டில் இருந்தால், அல்லது சொத்துப் பிரிக்கும்போது உங்கள் பங்குக்கு வந்தால், இது உதவும்.

முதலில் அந்தப் பூச்சைப் பற்றி. அதைச் சீன வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சீனாவிலும் ஜப்பானிலும் ஒரு மரத்தின் பாலை அடுக்கடுக்காகப் பூசிக் காய வைத்துச் செய்வதுதான் அசல் அரக்கு வேலை. அந்த மரப்பால் ஐரோப்பியர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறிய அரக்கை, நம் ஊரில் மரக்கிளையில் பூச்சி கட்டுமே அதே அரக்கை, ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசி அதே பளபளப்பைக் கொண்டுவந்தார்கள். 1688-இல் ஆக்ஸ்போர்டில் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் இந்த வித்தையைப் புத்தகமாகவே போட்டார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டனில் கடிகாரப் பெட்டிக்கு இது பெரிய மோஸ்தர். வரைந்தவர்களில் சீனாவைப் பார்த்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை. அதனால்தான் பாலத்தைவிடப் பறவை பெரிசாக இருக்கும், வீட்டுக்குள் நுழைய முடியாத அளவுக்கு ஆள் உயரமாக இருப்பான். இன்னொரு வேடிக்கை: சீனாவிலேயே செய்த செதுக்கு அரக்குத் திரைகளுக்கு ஐரோப்பாவில் 'கோரமண்டல்' என்று பெயர். நம் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பல் போனதால் வந்த பெயர். செய்தது எங்கேயோ, பேர் நமக்கு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிகாரத்தின் மேல் இருப்பது ஸ்பிரிட்டில் கரையும் அரக்கு. இது மட்டும் மனதில் இருந்தால் பாதி விபத்து நடக்காது. எனக்கு இல்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

கொண்டு வருவது

பெங்களூரிலிருந்து சாமான் ஏற்றி வந்தவர்கள் கடிகாரத்தை முழுசாகப் படுக்க வைத்து, ஊசலும் குண்டும் உள்ளேயே தொங்க, குட்டியானையில் ஏற்றி வந்திருந்தார்கள். ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுப் பட்டை மடங்கிப் போயிருந்தது. ஒரு குண்டு உள்பலகையில் மோதி முழுப் பிளவு. வண்டியில் ஏற்றும் முன் கழற்ற வேண்டிய வரிசை இதுதான்.

முதலில் மேல்கூடு. முகப்புக்கு மேலே மூடியிருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் தாழ்ப்பாள் இருந்தால் விலக்கி, இரண்டு கையாலும் பிடித்து முன்பக்கமாக இழுத்தால் வழுக்கி வரும். மேலே தூக்காதீர்கள். அப்புறம் நீளக் கதவைத் திறந்து இரண்டு குண்டுகளையும் கொக்கியிலிருந்து எடுங்கள். எடுக்கும்போதே நூல் கட்டி ஒன்றில் 'இ', இன்னொன்றில் 'வ' என்று எழுதிவிடுங்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் எடை கொஞ்சம் வித்தியாசப்படலாம். ஒவ்வொன்றும் ஐந்தரை, ஆறு கிலோ இருக்கும். பின்பு ஊசல். ஊசலை லேசாகத் தூக்கி மேல் கொக்கியிலிருந்து பட்டையை விடுவித்து, கவைக்குள்ளிருந்து (ஊசல் கம்பியைத் தள்ளிவிடும் கவட்டைக் கம்பி) நிதானமாக இறக்க வேண்டும். கடைசியாகத்தான் இயந்திரம், அது உட்கார்ந்திருக்கும் பலகையோடு சேர்த்து. இன்னொரு ஆள் கப்பியையும் நரம்புக் கயிற்றையும் தளராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தளர்ந்தால் உருளையில் சுற்று மேல் சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். அதைப் பிரிக்க எனக்கு ஒரு மத்தியானம் போனது.

பெட்டியைப் போர்வையில் சுற்றுங்கள். பபிள் ஷீட்டை நேராக அரக்கின் மேல் சுற்றினால் வெயிலில் அந்த வட்ட வட்டத் தடம் பூச்சில் பதிந்துவிடும். முதலில் பழைய பருத்தி வேட்டி, அதற்கு மேல் எது வேண்டுமானாலும்.

இடம்

நல்ல இடம் என்பது நாலு இல்லாத இடம்: வெயில் இல்லாத, ஈரச் சுவர் இல்லாத, ஏசி காற்று நேரே படாத, பூஜை விளக்கின் புகை வராத இடம். நம் பக்கத்தில் மேற்குச் சுவர் சித்திரையில் இரவு ஒன்பது மணிவரை சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் ஓக் மரம் சுருங்கும், மேலே இருக்கும் பூச்சு சுருங்காது, நீளவாக்கில் வெடிப்பு விழும். தென்பெண்ணைக் கரையோர வீடுகளில் இன்னொரு தொல்லை, சுவரடி ஈரம். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கையாவது நுழைய வேண்டும்.

தரையைப் பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. நேராகத் தரையில் வைக்காதீர்கள். தினமும் மாப் போடுகிற வீட்டில் ஃபினாயில் தண்ணீர் அடிப்பலகையில் ஏறி, இருபது வருஷத்தில் அது மாவாகிவிடும். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதற்கு வழி தேட வேண்டியதில்லை. எந்த கிரானைட் பட்டறைக்குப் போனாலும் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைக்கும். இரண்டு அங்குல கனம், பெட்டியின் அடியைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் பெரிசு. மேல்பக்கம் பாலிஷ் வேண்டாம், சொரசொரப்பாக இருக்கட்டும். ரப்பர் ஷீட் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. ரப்பர் அசையும், அசைவதுதான் இந்தக் கடிகாரத்துக்கு எமன்.

கல்லை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, அதன் மேல் பெட்டியை நிறுத்தி, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். பிறகு பெட்டியைச் சுவரோடு கட்ட வேண்டும். பின்பலகையில் அரக்கு கிடையாது, வெறும் மரம். அதில் பழைய திருகாணி ஓட்டைகள் இருக்கும். அதையே பயன்படுத்துங்கள், புதுசாகத் துளை போடாதீர்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் சரியான கனத்தில் ஒரு மரக்கட்டை, அதன் வழியாகத் திருகாணி.

புதன்கிழமை விவகாரம் இங்கேதான் இருக்கிறது. டீச்சரம்மா வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் சாவி கொடுப்பார். குண்டு நாளுக்கு நாள் இறங்கும். ஐந்தாவது நாள் வாக்கில், தொங்குகிற நீளம் ஊசலின் நீளத்துக்குச் சமமாகிவிடும். இரண்டும் ஒரே நீளம் என்றால் இரண்டுக்கும் ஒரே ஆட்டம். பெட்டி துளி அசைந்தாலும் போதும், ஊசலின் ஆட்டத்தைக் குண்டு வாங்கிக்கொண்டு தானும் ஆட ஆரம்பிக்கும். ஊசலுக்கு வலு போய்விடும், கடிகாரம் நிற்கும். கயிறு கட்டிய ஊஞ்சலில் ஒரு பிள்ளை ஆடினால் அதே கிளையில் தொங்கும் காலி ஊஞ்சலும் ஆடுமே, அதுதான். அவர்கள் வீட்டில் பெட்டி சுவரில் கட்டப்படாமல் சும்மா நின்றிருந்தது. இரண்டு திருகாணி, ஒரு தேக்குக் கட்டை. அடுத்த புதன் நிற்கவில்லை. அண்ணன்தான் வந்து நிறுத்துகிறார் என்று பேசிக்கொண்டிருந்த மருமகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

காதால் கேட்டுச் சரி செய்வது

இயந்திரத்தை வைத்து, கப்பியில் குண்டுகளை மாட்டி, ஊசலைத் தொங்க விட்டாயிற்று. ஊசலைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். டக், டக், டக், டக் என்று இடைவெளி சமமாக இருந்தால் அதிர்ஷ்டம். டக்-டக், டக்-டக் என்று நொண்டினால் சில நிமிஷத்திலோ சில மணியிலோ நின்றுவிடும்.

ஊசலைக் கையால் பிடித்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்துங்கள். டக் என்ற சத்தம் வந்த இடத்தைப் பெட்டியின் பின்பலகையில் ஒட்டிய தாளில் பென்சிலால் குறியுங்கள். அதேபோல வலப்பக்கம். நடுவிலிருந்து இரண்டு குறியும் சம தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசல் கம்பியைத் தள்ளிவிடும் கவைக்காலை வளைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாரும் குழம்புவது: சத்தம் சீக்கிரம் வருகிற பக்கமாக வளைக்க வேண்டும். இடப்பக்கம் வெகுதூரம் போய்த்தான் டக் என்கிறது என்றால் கவையை வலப்பக்கம். ஒரு கையால் கவையின் மேல்பகுதியை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கீழே வளையுங்கள். மேலே பிடிக்காமல் வளைத்தால் விசை முழுவதும் நங்கூரத்தின் (உள்ளே டக் டக் என்று சக்கரத்தைத் தடுத்துத் தடுத்து விடும் பாகம்) பல்லில் போய் இறங்கும். துளித்துளியாக வளையுங்கள். பெட்டிக்கு அடியில் அட்டை மடித்து வைத்து இதைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. அந்த அட்டை ஆறு மாதத்தில் நசுங்கிவிடும்.

நேரம்

இந்த ஊசல் ஒரு பக்கம் போக சரியாக ஒரு நொடி. அதற்காகவே அதன் நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, 994 மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். ஆனால் அது லண்டன் கணக்கு. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் புவியின் இழுப்பு குறையும், ஊசல் சோம்பேறியாகும். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸ் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோய், அது தினமும் இரண்டரை நிமிஷம் பின்தங்குவதைக் கண்டார். பூமி முழு உருண்டை இல்லை என்ற முடிவுக்கு வர அது ஓர் ஆதாரமாயிற்று. நம் கதையும் அதேதான். லண்டனில் சரியாக ஓடிய கடிகாரத்தை அப்படியே கொண்டுவந்து காவேரிப்பட்டணத்தில் வைத்தால், ஒரு நாளைக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் மெதுவாகும். ஊசலை மூன்று மில்லிமீட்டர் குறுக்கினால் சரியாகிவிடும்.

எப்படிக் குறுக்குவது? ஊசல் குண்டுக்கு அடியில் ஒரு நட்டு இருக்கும். மேலே ஏற்றினால் வேகம், கீழே இறக்கினால் மெதுவு. ஊசல் குண்டு ஒரு மில்லிமீட்டர் ஏறினால் ஒரு நாளைக்குச் சுமார் 43 நொடி கூடும். ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு என்பது அந்தத் திரெட்டைப் பொறுத்தது. திருகும்போது இன்னொரு கையால் ஊசல் குண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேலே பட்டை முறுக்கிக்கொள்ளும். ஒரு முறை திருகினால் ஒரு முழு நாள் காத்திருந்து போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே நாளில் நாலு தடவை திருகுகிறவர்களுக்குக் கடைசிவரை சரி வராது.

ஓசூரில் சரி செய்த கடிகாரத்தைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவந்தாலே நாளைக்கு நாலைந்து நொடி வேகமாகும், இங்கே 400 மீட்டர் போலத் தாழ்வு என்பதால். ஆனால் அந்த லாபத்தை வெயில் தின்றுவிடும். இரும்புக் கம்பி சூட்டில் நீளும், பத்து டிகிரி கூடினால் நாளைக்கு ஐந்து நொடி போகும். மார்கழிக்கும் சித்திரைக்கும் நட்டு கொஞ்சம் மாறத்தான் செய்யும். வாரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பின் இருந்தால் நான் தொடமாட்டேன்.

சாவி

முகப்பில் இரண்டு சாவி ஓட்டை. வலது நேரத்துக்கு, இடது மணி அடிக்க. எட்டு நாள் கடிகாரத்தில் உருளை பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும். அதனால் வாரம் ஒருமுறை என்றால் 14 சுற்று. எண்ணிக்கொண்டே சுற்றுங்கள், கதவைத் திறந்து வைத்து குண்டு ஏறுவதைப் பாருங்கள். மேலே நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள். அங்கே டமாலென்று இடித்தால் நரம்பு அறும், ஆறு கிலோ நேரே அடிப்பலகையில் விழும்.

நரம்பு என்றால் ஆட்டுக் குடல் நரம்பு. எலிக்கு அது விருந்து. சாவி கொடுக்கும் நாளில் டார்ச் அடித்து நரம்பில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் அந்துருண்டை போட்டு வைப்பவர்கள் உண்டு, வேண்டாம், அதன் ஆவி பூச்சை இளக்கும். எலிக்கு எலிப்பொறி, அதுவும் பெட்டிக்கு வெளியே.

முள்ளைப் பின்பக்கம் திருப்பாதீர்கள். முன்பக்கம் திருப்பும்போது ஒவ்வொரு மணியிலும் நின்று அது அடித்து முடிக்கட்டும். எண்ணெய் விஷயத்தில் ஒரே வார்த்தை: தேங்காயெண்ணெய் கிட்டவே வரக்கூடாது, தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். கடிகார எண்ணெய், குண்டூசி முனையில் நிற்கும் அளவு, அச்சு முனைகளில் மட்டும். சக்கரத்துப் பல்லில் எண்ணெய் போட்டால் தூசி சேர்ந்து அரமாகிவிடும்.

பூச்சைத் தொடாமல் இருப்பது

சரி, என் கதை. கதவின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன மெழுகுத் துளி. கரண்ட் போன நாளில் யாரோ மெழுகுவத்தி ஏந்திக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். பித்தளைப் பாகம் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் கையில் இருந்தது. பஞ்சில் நனைத்து ஒரே ஒரு தடவை, மெதுவாகத்தான், துடைத்தேன். பஞ்சு டிக்காஷன் நிறமாகிவிட்டது. அதன் நடுவில் மினுமினுவென்று தங்கப் பொடி. நிமிர்ந்து பார்த்தால், பாலத்தின் மேல் நின்றிருந்த பறவைக்குக் கால் இரண்டும் இல்லை. முன்னூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட நின்ற பறவை. மெழுகு அங்கேயே இருந்தது.

டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். "விடு தம்பி, பறந்துக்கிட்டு இருக்குன்னு வச்சுக்கலாம்" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

ஆகவே ஸ்பிரிட் இல்லை, தின்னர் இல்லை, தண்ணீர் இல்லை, சானிடைசர் கையோடு தொடுவதும் இல்லை. ஃபர்னிச்சர் பாலிஷ் ஸ்ப்ரே பூச்சின் வெடிப்புக்குள் இறங்கி, பின்னால் யார் சரி செய்ய வந்தாலும் எதுவும் ஒட்டாதபடி செய்துவிடும். துணிகூட வேண்டாம். மேடாக இருக்கும் உருவங்கள் சுண்ணமும் பசையும் சேர்த்து எழுப்பியவை. துணியின் ஒரு நூல் மாட்டினால் ஒரு குடையே பெயர்ந்து வரும். ஓவியம் வரைகிற அணில்முடித் தூரிகை, அகலமானது ஒன்று வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலிருந்து கீழாகத் தூசி தட்டினால் போதும். எங்காவது பூச்சு தூக்கிக்கொண்டு நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கீழே விழுந்த செதிலைக் கூட்டித் தள்ளாமல் பட்டர் பேப்பரில் மடித்து, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள். ஃபெவிகால் வைத்து நீங்களே ஒட்டாதீர்கள். அருங்காட்சியகப் பொருள்களைச் சீர் செய்கிறவர்கள் செய்யட்டும்.

தங்கம் பழுப்பாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். பித்தளைப் பொடி கலந்திருந்தால் காலப்போக்கில் கறுக்கும். புதுசாகத் தங்க பெயின்ட் அடிக்கக் கூப்பிட்டு, கதவு முழுவதையும் கல்யாண மண்டப மேடைபோல ஆக்கிய ஒரு கடிகாரத்தை நான் தர்மபுரியில் பார்த்தேன். அதற்கு ஒரு வழியும் இல்லை.

கடைசியாக ஆயுத பூஜை. அன்றைக்கு வீட்டில் மிக்சிக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைக்கும்போது கடிகாரத்தை மட்டும் விட மனசு வராது. ஈரச் சந்தனம் அரக்கின் மேல் பட்டால் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்துவிடும், அதன் மேல் குங்குமச் சாயம் ஏறும். டீச்சரம்மா வீட்டுக் கடிகாரக் கதவின் நடுவில் அப்படி மூன்று வட்டம் இருக்கிறது, அவர் அண்ணன் காலத்தது. இப்போது அவர்கள் அடியில் போட்ட கிரானைட் கல்லுக்குப் பொட்டு வைக்கிறார்கள். மறுநாள் துடைத்தால் போய்விடுகிறது.